முள் ஏறினாலும் கோளாறு, ஏறாவிட்டாலும் கோளாறு: கார் தெர்மோஸ்டாட், ஹவுசிங் பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணே, அந்த வால்வைக் கழட்டி எறிஞ்சிருங்க. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வண்டி ஒரு முறை கொதித்துவிட்டால், எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டின் மேல்தான் பழி முதலில் விழும். அதைக் கழற்றி, அது அமரும் கூடான ஹவுசிங்கை வெறுமனே மூடி, குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பிவைப்பது பழைய வண்டிகளின் காலத்திலிருந்து தொடரும் பழக்கம். இன்றைய எஞ்சின்களில் அந்தப் பழக்கம் ஏன் செல்லாது என்பதையும், எந்த அறிகுறிக்கு எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதையும், பொருத்தும்போது நேரும் பிழைகளையும் இங்கே எழுதுகிறேன். என் அனுபவத்தில் தெர்மோஸ்டாட் தானாகக் கெட்டு வரும் வண்டிகளுக்குச் சற்றும் குறையாமல், மாற்றியவர் பொருத்திய விதத்தால் திரும்பி வரும் வண்டிகளும் இருக்கின்றன.

தெர்மோஸ்டாட்டின் நடுவில் உள்ள சிறிய பித்தளைக் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடேறும்போது அந்த மெழுகு உருகி, விரிந்து, ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கம்பி ஸ்பிரிங்கை அழுத்தி வால்வைத் திறக்கிறது. சூடு தணிந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. திறக்கத் தொடங்கும் வெப்பநிலை அதன் விளிம்பிலோ அடியிலோ அச்சிட்டிருக்கும். நம் வண்டிகளில் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸ் என்பதே பெரும்பாலும் காணக் கிடைக்கும் எண். முழுதாகத் திறக்க அதற்கு மேல் இன்னும் 10 முதல் 15 டிகிரி வேண்டும். வெளியே 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்ச்சிதான் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

கழற்றி எறிவதில் உள்ள ஆபத்து வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவதாக ஒரு சிறு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு கீழிறங்கி, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் அந்த வழியை அடைக்க ஆளில்லை. கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வண்டி குளிரட்டும் என்று கழற்றியவருக்கு வெயிலில், பாரத்தில், முன்னைவிட அதிகமாகச் சூடேறும் வண்டி கிடைக்கும்.

கை வைக்கும் முன்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ ஹவுசிங் போல்ட்டையோ தொடக் கூடாது. 0.9 பார் அழுத்த மூடி போட்ட வண்டியில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்துக்குப் பாயும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது விறைப்பின்றித் துவண்டு கிடந்தால் மட்டுமே திறக்கலாம். வடித்த கூலன்டைத் தரையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நஞ்சும்கூட. தெரு நாய் நக்கினால் பிழைப்பது அரிது.

அடுத்து, உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து மேல் ஹோஸ் கிளம்பும் இடத்தில் இருந்தால் அது எஞ்சினை விட்டு வெளியேறும் கூலன்டைத் தடுக்கும் வகை. கீழ் ஹோஸ் எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில், வாட்டர் பம்ப்பை ஒட்டி இருந்தால், அது உள்ளே வரும் கூலன்டைத் தடுக்கும் வகை. முதல் வகையில் வால்வு திறக்கும் வரை மேல் ஹோஸ் சூடாகாது. இரண்டாம் வகையில் மேல் ஹோஸ் முன்பே சூடாகியிருக்கும், கீழ் ஹோஸ்தான் கடைசி வரை குளிர்ந்திருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் ஹோஸைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதால் எத்தனையோ நல்ல தெர்மோஸ்டாட்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

அறிகுறி 1: காலையில் கிளப்பிய வண்டி, சில நிமிடங்களில் சூடு காட்டும் மீட்டர் முள் சிவப்பைத் தொடுகிறது

முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் தெர்மோஸ்டாட்டை மறந்துவிட்டுக் கசிவைத் தேடுங்கள். அளவு சரியாக இருந்து, முள் முக்கால் பங்குக்கு மேல் ஏறிய பிறகும் ரேடியேட்டரும் அதற்கு வழிவிடும் ஹோஸும் குளிர்ந்தே கிடந்தால், வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ரேடியேட்டர் பேன் சுற்றாததைக் கண்டு பேனைச் சந்தேகிக்க வேண்டாம்; பேன் சுவிட்ச் ரேடியேட்டரிலேயே பொருத்தப்பட்ட வண்டிகளில், சூடான கூலன்ட் அங்கே வந்து சேராதவரை பேனுக்குச் சுற்றக் காரணமே இல்லை.

இதே அறிகுறியை வாட்டர் பம்ப்பும் காட்டும். பல ஆண்டுகளாக வெறும் போர் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் பம்ப்பின் இறக்கைகள் அரித்துத் தேய்ந்து போயிருப்பதைக் கண்டிருக்கிறேன். பெல்ட் சுற்றும், அச்சு சுற்றும், தண்ணீர் நகராது. தெர்மோஸ்டாட் புதிதாக மாற்றியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். ரிசர்வாயரில் இடைவிடாமல் குமிழி எழும்பினாலோ, வெண்புகை போனாலோ, எஞ்சின் ஆயில் மோர் நிறத்துக்கு மாறியிருந்தாலோ அது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட் விவகாரம். அங்கே தெர்மோஸ்டாட்டை மாற்றுவது காசுக்குக் கேடு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சாரின் முனை காற்றில் நிற்கும்; அப்போது மீட்டர் முள் திடீரென்று கீழே இறங்கக்கூடும். சூடாகி வந்த வண்டியின் முள் தானாக இறங்கியது என்று மகிழ்ந்து மேலும் பத்து கிலோமீட்டர் ஓட்டிய வண்டிகளுக்குத்தான் ஹெட் வளைகிறது.

அறிகுறி 2: முள் ஏறவே மாட்டேன் என்கிறது

இதை நம் ஊரில் யாரும் கோளாறாகவே எண்ணுவதில்லை. "வண்டி ஜில்லுனு ஓடுது" என்று பெருமையாகச் சொல்வோரும் உண்டு. மேலூர் நான்கு வழிச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் கால் பங்குக்கும் கீழே இறங்கி, கோரிப்பாளையம் நெரிசலில் நின்றால் நடுவுக்கு வருகிறது என்றால், வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது அல்லது யாரோ முன்பே கழற்றிவிட்டிருக்கிறார்கள். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றே கணினி கருதி எரிபொருளைக் கூட்டித் தரும், மைலேஜ் குறையும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் தங்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும். எஞ்சின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பி 0128 என்ற குறியீடு வரலாம். கூலன்ட் சூடு தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்த வேண்டிய அளவை எட்டவில்லை என்பது அதன் பொருள்.

உறுதி செய்வது எளிது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய இரண்டாம் மூன்றாம் நிமிடத்திலேயே மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு மூடவில்லை. சரியான தெர்மோஸ்டாட்டில் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்திருந்து, பிறகு ஓரிரு நிமிடத்தில் கை வைக்க முடியாத சூட்டுக்குத் தாவும். அந்தத் தாவலைக் கையால் ஒரு முறை உணர்ந்தவருக்கு அடுத்த வண்டியில் தயக்கம் இருக்காது. ஸ்கேனரில் சூடு சரியாக இருந்து முள் மட்டும் ஏறாவிட்டால் கோளாறு மீட்டரிலோ அதன் வயரிலோ இருக்கிறது.

அறிகுறி 3: முள் ஏறி இறங்கி ஆடுகிறது

பெரும்பாலும் இது காற்று. அண்மையில் கூலன்ட் மாற்றிய வண்டி என்றால் வேறெதையும் யோசிக்காமல் காற்றை வெளியேற்றுங்கள். வழிமுறை கீழே வருகிறது. காற்று இல்லை என்று உறுதியான பிறகும் முள் சிவப்புக்கு அருகே போய்ச் சட்டென்று விழுவது தொடர்ந்தால், வால்வு உப்புப் படிவில் ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறக்கிறது. கழுவிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 4: நெரிசலில் மட்டும், அல்லது வேகத்தில் மட்டும் சூடாகிறது

அழகர் எதிர்சேவை நாளில் மூன்றுமாவடிப் பக்கம் அகப்பட்டு, அடிக்கு அடி நின்று நகர்ந்த வண்டி சூடாகிறது. அதே வண்டி மறுநாள் நான்கு வழிச்சாலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இங்கே காற்றோட்டம்தான் போதவில்லை. ஏசியைப் போடுங்கள், பேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பேன் மோட்டார், ரிலே, பியூஸ் என்ற வரிசையில் தேடுங்கள். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றாவிட்டால் சென்சாரைப் பாருங்கள்.

நெரிசலில் ஒழுங்காக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் சூடாகும் வண்டியின் கதை வேறு. வத்தலக்குண்டு வரை நடுவில் நின்ற முள், காட் ரோடு தாண்டிக் கொடைக்கானல் மலைமேல் திரும்பியதும் ஏறத் தொடங்குகிறது என்றால், எஞ்சினின் சூட்டைச் சுமந்து செல்லும் அளவுக்குக் கூலன்ட் ஓடவில்லை. பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், உள்ளே உப்பு அடைத்த ரேடியேட்டர், பம்ப் உறிஞ்சும்போது ஒட்டிப்போகும் பழைய கீழ் ஹோஸ் ஆகிய மூன்றும் சந்தேகத்துக்கு உரியவை. எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை ஏற்றும்போது கீழ் ஹோஸ் சப்பையாவது கண்ணுக்கே தெரியும். வழியில் வேறு உதவி கிடைக்கும் வரை ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரம் கட்டுங்கள். மதுரைக்காரர் ஹீட்டரைத் தொடும் ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும், ஆனால் எஞ்சினிலிருந்து கொஞ்சம் சூட்டை அது பிடுங்கிக் கொடுக்கும்.

சந்தேகம் தீர: வெந்நீர்ச் சோதனை

கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியும் முன் சோதித்துப் பாருங்கள். சமையலுக்கு இனிப் பயன்படாத பாத்திரம் ஒன்று, வெப்பமானி ஒன்று, தையல் நூல் ஒரு முழம் போதும். விரலால் வால்வைச் சற்றே திறந்து, நூலை இடுக்கி, வால்வு நூலைக் கவ்வியபடி மூட விடுங்கள். நூலின் மறுமுனையைக் குறுக்கே வைத்த ஒரு கம்பியில் கட்டித் தெர்மோஸ்டாட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அது அடியைத் தொடக் கூடாது, தொட்டால் அடுப்பின் சூடு நேரே ஏறிவிடும். மிதமான தீயில் சூடாக்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். வால்வு திறக்கத் தொடங்கும் கணத்தில் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் டங்கென்று பாத்திரத்தின் அடியில் விழும். அந்த நேரத்தில் வெப்பமானி காட்டும் எண்ணை விளிம்பில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருந்தால் கவலையில்லை. தண்ணீர் கொதித்து ஐந்து நிமிடம் ஆகியும் 8 மில்லிமீட்டர் அளவுக்காவது திறக்கவில்லை என்றாலும், வெளியே எடுத்து ஆறிய பிறகு முழுதாக மூடவில்லை என்றாலும் அது உதவாது. புதிதாக வாங்கியதையும் இப்படிச் சோதித்துவிட்டே நான் பொருத்துகிறேன்; அட்டைப் பெட்டியில் ஓர் எண்ணும் உள்ளே இருப்பதில் வேறோர் எண்ணும் இருந்ததைக் கண்ட பிறகு வந்த பழக்கம் இது. மின்கம்பி இணைந்த தெர்மோஸ்டாட்டை எஞ்சின் கணினியும் சூடாக்கித் திறக்கச் செய்யும் என்பதால் அதற்கு இந்தச் சோதனை முழு விடையைத் தராது.

அறிகுறி 5: மாற்றிய பிறகு ஹவுசிங்கில் கசிகிறது

எங்கே கசிகிறது என்பதை ஈரத்தைக் கொண்டு சொல்ல முடியாது. சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். ஹவுசிங்கின் இணைப்பு ஓரத்தில் பச்சையோ இளஞ்சிவப்போ கறை படிந்திருக்கும். போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் அது சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கும். கறை இணைப்புக் கோட்டிலிருந்து இறங்கினால் கேஸ்கெட் அல்லது ஹவுசிங் எஞ்சினோடு ஒட்டும் முகப்பு. ஹோஸ் கழுத்திலிருந்து இறங்கினால் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப். ஹவுசிங்கின் உடலிலிருந்தே இறங்கினால் விரிசல். பிளாஸ்டிக் ஹவுசிங்கில் விரிசல் பெரும்பாலும் வார்ப்பின் ஒட்டுக்கோட்டில் தொடங்கும். அதற்கு ஒட்டுப் பசை தேடாமல் மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டும் ஹவுசிங்கும் ஒரே துண்டாக வரும் வண்டிகளில் பிரித்துப் பொருத்தும் முயற்சியே வேண்டாம்.

அலுமினிய ஹவுசிங் என்றால் முகப்பைக் கவனியுங்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். அலுமினியத்தில் அது போடும் ஒரு கீறல் போதும், எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் அந்த வழியில் கசியும். எஞ்சின் பக்கத் துளையில் துணியைத் திணித்துவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியாலோ, படுக்கையாகப் பிடித்த பிளேடாலோ மெல்ல எடுங்கள். பிறகு ஹவுசிங்கை ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து, போல்ட் துளைகளின் மேல் மாறி மாறி விரலால் அழுத்துங்கள். லேசாக ஆடினாலும் முகப்பு வளைந்திருக்கிறது. சிறிய வளைவென்றால் அதே கண்ணாடியின் மேல் நைஸ் எமரி தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமன்படுத்தலாம்.

காகிதக் கேஸ்கெட் உள்ள இடத்தில் சிலிகான் பசை வேண்டுமென்றால் மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும், பின்னர் அது உடைந்து ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் போய் அடைக்கும். ரப்பர் ஓ-ரிங் உள்ள இடத்தில் பசையே கூடாது. ஓ-ரிங்கைக் கூலன்டில் நனைத்து உட்கார வையுங்கள். வழுக்கலுக்காகச் சாதாரண கிரீஸ் தடவினால், இங்கே பொதுவாக வரும் ரப்பர் வகை கனிம எண்ணெயில் ஊதி, வடிவம் கெட்டுவிடும்.

தெர்மோஸ்டாட்டின் விளிம்பு அதற்கென உள்ள பள்ளத்தில் முழுதாக அமர்ந்திருக்கிறதா என்பதை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பள்ளத்தை விட்டு ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்ததைக் கவனிக்காமல் போல்ட்டை முறுக்கினால், நல்ல ஹவுசிங்கும் காது உடைந்து கையோடு வரும்.

போல்ட்டுக்கு வருவோம். இங்கே பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் போல்ட்கள். அவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு போல்ட்டை முழுதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கழற்றும்போது அவசரம் அதைவிடக் கெடுதல். தொழிலுக்கு வந்த புதிதில், துருப்பிடித்த போல்ட் ஒன்றை நீண்ட பிடி போட்ட ஸ்பேனரால் ஒரே மூச்சில் திருகினேன். முதலில் நெகிழ்வது போல் இருந்தது. இறங்குகிறது என்று எண்ணிய அந்த நெகிழ்வு, போல்ட் முறுகிக்கொண்டிருந்த நெகிழ்வு. தலை கையோடு வந்தது, உடல் சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றது. அரை நாள் துளையிட்டுத்தான் எடுத்தேன். இப்போதெல்லாம் துருநீக்கி எண்ணெயை முந்தின நாள் மாலையே விட்டுவைக்கிறேன். அசையாத போல்ட்டைச் சற்று இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்பி, இப்படி முன்னும் பின்னுமாக எடுக்கிறேன்.

அறிகுறி 6: புதிது போட்ட பிறகும் சூடாகிறது

இரண்டே காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, தலைகீழாகப் பொருத்தியது. மெழுகுக் குப்பியும் பெரிய ஸ்பிரிங்கும் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். சூட்டை உணர வேண்டியது அந்தக் குப்பிதான். அது ரேடியேட்டர் பக்கம் திரும்பி நின்றால் சூடு வந்து சேராது, வால்வு உரிய நேரத்தில் திறக்காது. விளிம்பில் ஆடும் சிறிய குண்டூசி போன்ற காற்றுவழி இருந்தால், செங்குத்தாக நிற்கும் ஹவுசிங்கில் அது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி இடத்துக்கு வர வேண்டும். காற்று எப்போதும் மேலேறும். வழி கீழே இருந்தால் வால்வின் பின்னால் காற்று தேங்கி, குப்பியைக் கூலன்ட் தொடாது.

இரண்டாவது, காற்றை வெளியேற்றாமல் விட்டது. வண்டியின் மூக்குப் பக்கம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். ஹவுசிங்கிலோ ஹோஸிலோ காற்று நீக்கும் திருகு இருந்தால் திறந்து, அதன் வழியே குமிழியில்லாத கூலன்ட் வரும் வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். எஞ்சினை ஐடிலில் விட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது கையால் அமுக்கி விடுங்கள். சூடேறிய பின் துணி சுற்றிப் பிடியுங்கள். அளவு இறங்க இறங்க நிரப்பி, மூடியைப் போட்டு, பேன் இரண்டு முறை தானாகச் சுற்றி நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

ஊற்றுவது எது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் குடத்தின் உட்புறத்தில் படிய வைக்கும் வெள்ளை உப்பைப் பார்த்தவர்களுக்கு, அது தெர்மோஸ்டாட் கம்பியில் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. கலந்தே வரும் கூலன்டை அப்படியே ஊற்றுங்கள். அடர்கூலன்ட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுங்கள். மதுரையில் உறைபனிக்கு அஞ்ச வேண்டாம் என்பதால் வெறும் தண்ணீர் போதும் என்று வாதிடுவோர், அரிப்பைத் தடுக்கும் மருந்தும் கொதிநிலையை உயர்த்தும் குணமும் அதே கூலன்டில்தான் இருக்கின்றன என்பதை விட்டுவிடுகிறார்கள். வகை தெரியாத இரண்டு கூலன்ட்களைக் கலக்காதீர்கள். நிறம் ஒன்றாக இருப்பது வகை ஒன்றாக இருப்பதற்கு அடையாளமில்லை.

மறுநாள் காலை, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். உள்ளே ஒளிந்திருந்த காற்று இரவில் மேலேறியிருந்தால் அளவு சற்று இறங்கியிருக்கும். அந்தக் குறையை நிரப்பிவிடுங்கள். மூன்றாம் நாளும் இறங்கியிருந்தால், ஒரு வெள்ளைத் துணியை எடுத்து ஹவுசிங் ஓரத்தை ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் படிந்த இடத்திலிருந்து வேலையை மறுபடி தொடங்க வேண்டும்.